கதையும் திருத்தமும்

கதை எழுதும் ஆசை இல்லாத மாணவர் நம் கல்லூரியில் அரியர். தேர்வுக்குப் படிக்க அமர்ந்தவர் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கதையைத் தொடங்குவதும், விடுதி விளக்கு அணைந்த பின்னர்க் கைப்பேசியின் ஒளியில் அதனை முடிப்பதும், மறுநாட் காலையிலேயே நண்பர் பலருக்கும் அனுப்பிவிடுவதும் இக்காலத்து வழக்கமாகிவிட்டன. எழுதும் ஆர்வம் இங்ஙனம் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எழுதிய கதையை எழுதியவரே இரண்டாம் முறை ஊன்றிப் படிக்கும் வழக்கம் அதனோடு சேர்ந்து பெருகவில்லை என்பதை வருத்தத்தோடு கூறவேண்டியிருக்கிறது. முதற்பிரதியே முடிந்த பிரதி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. கதை என்பது பெரும்பாலும் திருத்தத்திலேதான் பிறக்கிறது என்பது நம் கருத்து. அதனை இங்கு இயன்றவரை விளக்க முயல்வோம்.

திருத்துதலை விரும்பாதார் கூறும் காரணம் ஒன்று உண்டு. கதை உள்ளத்தில் ஊற்றெடுத்து வருவது. வந்தவாறே அதனை விட்டுவிடவேண்டும். மீண்டும் தொட்டால் உயிர் போய்விடும் என்பர். இதற்குச் சான்றாக ஆசுகவிகளையும் காட்டுவர். காளமேகப் புலவர் கேட்ட மாத்திரத்தில் பாடினாரல்லரோ, அவர் எந்த ஓலையைத் திருத்தினார் என வினவுவர். வினா நல்ல வினாவே. ஆயின் அதற்குரிய விடை அவர்கள் எதிர்பார்க்கும் விடையன்று.

செய்யுளுக்கு யாப்பு என்னும் காவல் உண்டு. வெண்பாப் பாடுவோன் நினைத்த சொல்லை நினைத்த இடத்தில் வைத்துவிட முடியாது. தளை தட்டும், எதுகை மறுக்கும், ஈற்றடி மூன்று சீருக்கு மேல் இடந்தராது. ஆதலின், முதலில் வந்த சொல்லைத் தள்ளி வேறொரு சொல்லைத் தேடவேண்டிய கட்டாயம் அவனுக்கு அடிதோறும் நேர்கிறது. ஆசுகவியிடத்தும் திருத்தம் நிகழாமல் இல்லை, நெடுநாட் பயிற்சியால் அது சொல் நாவுக்கு வருமுன்னரே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது, அவ்வளவே வேற்றுமை. உரைநடைக்கோ அக்காவல் இல்லை. எச்சொல்லும் எவ்விடத்தும் தடையின்றி வந்து அமர்ந்துகொள்ளும். ஒரு வாக்கியம் போதுமாயிருக்க மூன்று வந்தாலும் தடுப்பார் எவருமிலர். வெண்பாவில் தளை செய்த வேலையை உரைநடையில் யார் செய்வது? எழுதியவனே மறுநாள் வேற்றாள்போல் வந்து செய்யவேண்டும். உரைநடையின் யாப்பு திருத்தமே என்று நாம் துணிந்து கூறலாம்.

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் நம்மிடம் இல்லாமலில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலை வகுப்பில் நாம் பாடமாகப் படிக்கிறோம். அதன் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தும் அழகுகள் பத்தும் எண்ணப்பட்டுள்ளன. தேர்வில் எழுதுவதற்கே அவை ஏற்பட்டனபோல் நாம் நடந்துகொள்கிறோம். நம் கதை ஒன்றை எடுத்து, அக்குற்றங்களை ஒவ்வொன்றாய் அதன்மீது வைத்துப் பார்த்தாலென்ன? கதைத்தலைவி அழுதாள் என்று எழுதிவிட்டு, அவள் துயரம் கடல்போற் பெருகியது என்றும், அவள் நெஞ்சு வெடித்தது என்றும் மேலும் எழுதுவோமாயின், மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் ஒருங்கே வந்துவிடுகின்றன. சிறுகதையின் நடுவே ஊர்வருணனை இரண்டு பக்கம் ஓடினால் அது மற்றொன்று விரித்தல். முதற்பக்கத்தில் பேருந்தைப்போல் வேகமாய்க் கிளம்பி, கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் விபத்தில் மாளச்செய்து முடியும் கதை சென்றுதேய்ந்திறுதலுக்கு நல்ல உதாரணம். அழகுகளுள் உலகமலையாமை என்பது ஒன்று; அஃதாவது உலக வழக்கோடு மாறுபடாதிருத்தல். கதை எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த அறிவுரையை எந்நாட்டு இலக்கண ஆசிரியரும் கூறியதாக நாம் அறியோம்.

கருவி இருந்தாற் போதாது. அதனைப் பிடித்துப் பார்க்கும் பிறர் கண்ணும் வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனது அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னர் அரங்கேறியது என்று அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. அரங்கேற்றம் என்பது மாலையும் பொன்னாடையும் பெறும் விழாவாக அக்காலத்தில் இருக்கவில்லை. அவையிலிருப்போர் எழுப்பும் தடைகளுக்கு ஆசிரியன் விடை கூறவேண்டும். கூறிய பின்னரே நூல் உலகிற்கு வரும். இன்று ஒரு விரல் அசைவில் கதை ஊரெங்கும் போய்விடுகிறது. தடை எழுப்புவோர் வாய் திறக்குமுன் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதன்பொருட்டு நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரின் பெருமை ஒன்றை நினைவுகூர விரும்புகிறோம். 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் அவதரித்த பதி அது என்பர் வைணவர். அவர் ஸ்ரீபாஷ்யம் இயற்றியபோது, அவர் சொல்லச்சொல்ல ஏட்டில் எழுதியவர் காஞ்சியை அடுத்த கூரத்திற் பிறந்த கூரத்தாழ்வான். தாம் சொல்லும் பொருள் உடன்பாடாகாத இடத்தில் எழுதுவதை நிறுத்திவிடவேண்டும் என்று ஆசிரியரே அவருக்குக் கட்டளையிட்டிருந்தாராம். ஓரிடத்தில் ஆன்மாவின் இலக்கணத்தை அவர் உரைத்தபோது ஆழ்வானுடைய எழுத்தாணி நின்றுவிட்டது. ஆசிரியர் முதலிற் சினந்தார்; பின்னர்த் தனித்திருந்து ஆராய்ந்து, மாணாக்கர் நிறுத்தியதே பொருந்தும் எனக் கண்டு, பொருளைத் திருத்திச் சொன்னார் என்று குருபரம்பரை வரலாறு கூறும். தத்துவ நூலுக்கும் கற்பனைக் கதைக்கும் உள்ள வேற்றுமையை நாம் மறக்கவில்லை. ஆயினும், அத்துணைப் பெரிய ஆசிரியருக்கே நின்றுவிடும் எழுத்தாணி ஒன்று வேண்டியிருந்ததெனின், பத்தொன்பது வயதில் எழுதும் நமக்கு எத்தனை எழுத்தாணிகள் வேண்டும்! நம் கதையைப் படித்து, "மிக நன்று" என்று உடனே சொல்லும் நண்பர் பலர் உளர், ஓரிடத்தில் நிறுத்தி, "இஃது உண்மைதானா?" என்று கேட்கும் நண்பர் ஒருவர் கிடைப்பாராயின் அவரை விடாது பற்றிக்கொள்க.

நிற்க, தமிழ்ப் புனைகதையின் வரலாற்றிலும் திருத்தத்தின் பயனைக் காணலாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற அ. மாதவையா, 1892-ஆம் ஆண்டில், ஏறத்தாழ இருபது வயதினராய் இருக்கையில், "விவேக சிந்தாமணி"யில் "சாவித்திரி சரித்திரம்" என்னும் தொடர்கதையை எழுதத் தொடங்கினார். அஃது இடையில் நின்றுபோயிற்று. பதினோராண்டு கழித்து, 1903-இல், அதனை மீண்டும் எடுத்து, "முத்துமீனாக்ஷி" என்னும் நூலாக வெளியிட்டார். இளம்விதவை ஒருத்தி தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்த கதை அது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் "பத்மாவதி சரித்திர"த்தை எழுதியிருந்தார். அரசாங்க உப்பிலாகாவில் வேலை பார்த்து உலகத்தையும் கண்டிருந்தார். இருபது வயதிற் கைவிட்ட கதையை முப்பது வயது கடந்தவர் திரும்ப எடுத்து முடித்தார் என்பதே நாம் கருதற்பாலது. நின்றுபோன கதை செத்துப்போன கதை அன்று. நம் பெட்டிகளிற் கிடக்கும் பாதிக்கதைகளைக் கிழித்தெறியாதிருக்க இவ்வொன்று போதும்.

புதுமைப்பித்தன் விரைந்து எழுதுபவர் என்று பெயர் பெற்றவர். திருத்தத்தை இகழ்வோர் அவர் பெயரையே முதலில் எடுப்பர். ஆனால், 1934-இல் "அகலிகை" என்னும் கதையை எழுதிய அவரே, 1943-இல் அவ்வகலிகையையே மீண்டும் எடுத்துச் "சாப விமோசனம்" எழுதினார். முன்னைய கதை, மனத்தின் தூய்மையே கற்பு எனக் கொண்டு மனைவியை ஏற்கும் கோதமனுடைய பெருந்தன்மையில் நிறைவெய்துகிறது. பின்னைய கதையோ, சாபம் நீங்கிய பின் அவ்விருவரும் எங்ஙனம் வாழ்ந்தனர் என்று கேட்கிறது. சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். ஒன்பதாண்டில் மாறியது சொல்லன்று, கேள்வியே மாறியது. திருத்தத்தின் உயர்ந்த வடிவம் இதுவே. அன்றியும், 2000-ஆம் ஆண்டில் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த "புதுமைப்பித்தன் கதைகள்" என்னும் தொகுதியைப் புரட்டுவோர், பத்திரிகையில் வந்த பாடத்துக்கும் நூலில் வந்த பாடத்துக்கும் உள்ள வேறுபாடுகளைக் காணலாம். விரைந்து எழுதியவரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

பிறநாட்டாரும் இதற்கு விலக்கல்லர். ஹெமிங்வே தம் நாவல் ஒன்றின் இறுதிப்பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாகக் கூறினார். 2012-இல் வந்த அந்நாவலின் பதிப்பில் 47 முடிவுகள் அச்சிடப்பட்டுள்ளன. ஆயினும், திருத்தங்களெல்லாம் நன்மையே பயக்கும் என்று கூறவும் இயலாது. 1861-இல் டிக்கன்ஸ், லிட்டன் என்னும் நண்பருடைய சொற்கேட்டுத் தம் "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" நாவலின் முடிவை மாற்றினார். பிரிந்துபோக இருந்த தலைவனும் தலைவியும் புதிய முடிவிற் பிரியாதிருக்கும் நம்பிக்கை பெற்றனர். பழைய முடிவே மெய்யானது என்று இன்றளவும் வாதிடுவோர் உளர். படிப்போரை மகிழ்விக்கச் செய்யும் திருத்தம் வேறு. கதையின் உண்மையை நோக்கிச் செய்யும் திருத்தம் வேறு. எழுத்தாணியை நிறுத்துவோர் எதற்காக நிறுத்துகின்றனர் என்பதையும் நாம் ஆராய வேண்டும்.

இனி, இவ்விஷயம் நமக்கு ஏன் அவசரமானது என்பதைக் கூறுவோம். நம் கல்லூரிக்கு அணித்தே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலும் ஒரு புதிய உலகம் எழுந்திருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழியரின்பொருட்டுப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 2024-இல் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிற்சாலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நீடித்தது. இவற்றையெல்லாம் செய்தித்தாள் எழுதிவிட்டது. செய்தித்தாள் எழுதாததை எழுதுவது கதையின் கடமை. நம் மாணவருட் சிலர் அவ்வூர்களிலிருந்தே வருகின்றனர். சிலருடைய தமக்கையரும் தமையன்மாரும் அங்கு வேலை பார்க்கின்றனர். அவர்கள் எழுதாவிடின் எவர் எழுதுவார்?

ஆனால், அவ்வுலகைப் பற்றி மாணவர் எழுதும் முதற்பிரதி எப்படியிருக்கும்? ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு விவசாயி, நிலத்தை விற்றுவிட்டார், மகன் கார்க் கம்பெனியில் காண்டிராக்ட் தொழிலாளி. முதற்பிரதியில் அவ்விவசாயி, வயலிருந்த இடத்தில் எழும் சுவரைப் பார்த்துக் கண்ணீர் வடிக்கிறார். கதிரவன் மேற்கே மறைகிறான். தொழிற்சாலையின் சங்கு ஊதுகிறது. "மண் எம் தாய்" என்று அவர் கூறக் கதை முடிகிறது. எழுதியவர் பொய்யராக இருக்கவேண்டுவதில்லை. அவர் இரக்கமும் மெய்யானதே. ஆனால், அக்கண்ணீர் அவர் கண்டதன்று. முன்னர்ப் படித்த கதைகளிலிருந்தும் பார்த்த சினிமாக்களிலிருந்தும் வந்தது. முதலில் வரும் சொல் பெரும்பாலும் பிறர் சொல்லே; அஃது ஏற்கெனவே நடந்து தேய்ந்த வழியாதலின் விரைந்து வருகிறது.

இரண்டாம் பிரதி வினாக்களால் தொடங்கவேண்டும். அந்நிலம் ஏரிப்பாசனத்து நஞ்சையா, மழையை நம்பிய புன்செயா? விற்ற பணம் எங்குப் போயிற்று? மகளுடைய கல்யாணத்துக்கா, மாடிவீட்டுக்கா, தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வேன் ஒன்றுக்கா? மகனுக்கு நைட் ஷிப்டு எத்தனை மணிக்கு முடிகிறது? கம்பெனி பஸ் அவனை எங்கே இறக்கிவிடுகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தவர், தந்தை அழவில்லை என்பதைக் கண்டுகொள்ளக்கூடும். வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் மகனுடைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டிப் பெருமை கொள்கிறார் அவர். ஆனாலும், மடை திறக்கப் போகும் பழைய நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து திண்ணையில் அமர்கிறார். அதே வேளையில் ஷிப்டு முடிந்து மகன் வந்து இறங்குகிறான். ஒருவன் உறங்கப் போகிறான். மற்றவர் செய்ய வேலையின்றி விழித்திருக்கிறார். இவ்விடத்தில் கதை தொடங்கிவிட்டது. கண்ணீர், சங்கு, கதிரவன், தாய்மண் ஆகிய நான்கும் தாமே உதிர்ந்துவிடும்.

மூன்றாம் பிரதியின் வேலை பெரும்பாலும் நீக்குதலே. "தலைமுறைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அவர் உணர்ந்தார்" என்று ஓரிடத்தில் எழுதியிருப்போம். எழுதியபோது அது நமக்கு மிகவும் பிடித்திருக்கும். திண்ணையும் பஸ்ஸும் ஏற்கெனவே சொல்லிவிட்டதை அவ்வாக்கியம் மீண்டும் சொல்கிறது. ஆதலின் அதனை அடித்துவிடவேண்டும். நமக்கு மிகப் பிடித்த வாக்கியத்தின்மீதே முதலில் ஐயம் கொள்க. பேச்சையும் இப்போதே சோதிக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்துக் குடியானவர் செந்தமிழில் புலம்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அதே லைனில் நிற்கும் இளைஞனுடைய தமிழ் நம்மைச் சிரிக்கவைப்பதற்காக ஏற்பட்டதும் அன்று.

இங்குப் பிறருடைய வாழ்வு சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை நாம் வற்புறுத்த விரும்புகிறோம். பொய்யாய் அழும் விவசாயியைப் படைப்பதால் கதை மட்டுமே கெடுவதாயின் பெரிதன்று. மெய்யான ஒருவரைப் பார்க்காமலே பார்த்ததாகச் சொல்லிவிடுகிறோம். அவரைப் பற்றி அனைத்தும் தெரிந்துவிட்டதென்று படிப்போரும் நம்பிவிடுகின்றனர். இரக்கத்தின் பெயரால் இழைக்கப்படும் அநீதி இது. உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் "கரிப்பு மணிகள்" எழுதிய இராஜம் கிருஷ்ணன், தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரிற் சென்று பார்த்தே எழுதினார். திண்டுக்கல் தோல்பதனிடும் தொழிலாளரைப் பற்றிய டி. செல்வராஜின் "தோல்" நாவலுக்கு 2012-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. உப்புக்கும் தோலுக்கும் இத்தகைய நூல்கள் வந்துள்ளன. ஒரகடத்து இரவுப் பஸ்ஸுக்கும் அத்தகைய நூல் வரவேண்டாமா?

கேட்டவுடன் கதையைத் திருத்திக்கொடுக்கும் இயந்திரம் இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறதே, நாம் ஏன் வருந்தவேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒற்றுப்பிழையை அது நீக்கட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால், திண்ணையில் விழித்திருக்கும் பெரியவரை அது கண்டதில்லை; எங்கே எழுத்தாணி நிற்கவேண்டும் என்பதை அவரைக் கண்டவரே அறிவர். திருத்தும் உழைப்பைப் பிறரிடம் விட்டுவிட்டால், அவ்வுழைப்பாற் பெறும் காட்சியையும் அவர்களிடமே விட்டுவிட்டவர்களாவோம்.

திருத்திக்கொண்டே இருப்பதும் ஒரு நோய்தான் என்பதை மறுக்கவில்லை. காற்புள்ளியை எடுப்பதும் மீண்டும் வைப்பதுமாய்க் காலம் கழிப்போர் கதையை முடிக்க அஞ்சுவோரே. நாம் செய்யும் மாற்றங்களால் கதாபாத்திரத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லையெனின், நிறுத்தவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆதலின், நண்பர்காள், நம் மலரின் கதைப் பகுதிக்கு ஒரு முறையை ஏற்படுத்திக்கொள்வோமாக. கதையை எழுதியவர் ஒரு திங்கள் அதனைத் தொடாதிருப்பாராக. பின்னர், பத்துப் பேருக்கு மிகாத ஒரு சிறு கூட்டத்தில் உரக்கப் படிப்பாராக. கண் தாண்டிச் செல்லும் பிழையைக் காது பிடித்துக்கொள்ளும். கதை எவருடைய வாழ்வைச் சொல்கிறதோ அவ்வாழ்வை அறிந்தவர் ஒருவரேனும் அக்கூட்டத்தில் இருக்கட்டும். விடுமுறை நாளில் அழைத்தால் ஒரகடத்திலிருந்து வர ஒரு தமக்கையோ தமையனோ மறுக்கமாட்டார். மலர்க்குழுவினரும் முதற்பிரதியோடு இரண்டாம் பிரதியும் வந்தாலன்றிக் கதையை ஏற்காதிருப்பாராக. இதனால் வரும் கதைகள் இருபதிலிருந்து ஐந்தாகக் குறையலாம். அவ்வைந்தையும் ஸ்ரீபெரும்புதூர்ப் பஸ்ஸில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளி படித்து, இஃது எங்கள் வீட்டுக் கதைதான் என்று சொல்வாராயின், குறைந்த பதினைந்துக்காக எவரும் வருந்தார்.